ஒரே நொதி, இரண்டு செய்திகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றின் மீது பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தியைக் கடத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், பாஸ்பேட்டை ஏற்றும் ஒரே கைனேஸ் நொதி இரண்டு வேறு செய்திகளுக்குப் பயன்பட்டால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் மிக நியாயமானது. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. இணைசேரக்கூடிய மறுவகை ஈஸ்ட் செல் வெளியிடும் ஆல்ஃபா காரணி என்ற, 13 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதத்துண்டு வந்து சேர்ந்தால், ஈஸ்ட் செல் இணைசேரத் தயாராகிறது; சுற்றிலும் உப்பு மிகுந்தால், கிளிசராலைச் சேர்த்துவைத்துத் தன் நீரைக் காத்துக்கொள்கிறது. இந்த இரண்டு பாதைகளிலும் ஸ்டெ-11 என்னும் அதே கைனேஸ்தான் வேலை செய்கிறது.

இணைசேரும் பாதையில் ஸ்டெ-5 என்ற சாரப் புரதம் (கட்டடச் சாரம்போல மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடிப்பது), ஸ்டெ-11, ஸ்டெ-7, ஃபஸ்-3 ஆகிய மூன்று கைனேஸ்களையும் தன்னுடைய வெவ்வேறு பகுதிகளில் பற்றிக்கொள்கிறது. செல்லின் மேற்பரப்பில் செய்தியைப் பெறும் புரதமான ஏற்பியில் ஆல்ஃபா காரணி பிணைந்ததும் ஸ்டெ-5 செல்சவ்வின் உட்புறத்துக்கு நகர, அங்கிருக்கும் ஸ்டெ-20 முதல் பாஸ்பேட்டை ஸ்டெ-11 மீது ஏற்றுகிறது. அங்கிருந்து செய்தி பக்கத்திலேயே பிணைந்து நிற்கும் ஸ்டெ-7க்கும், அதிலிருந்து ஃபஸ்-3க்கும் போகிறது. உப்புப் பாதையில் சாரமாக நிற்பது பிபிஎஸ்-2. அது தானும் ஒரு கைனேஸாக இருந்துகொண்டே ஸ்டெ-11ஐயும் ஹாக்-1 என்ற இன்னொரு கைனேஸையும் பிடித்துவைக்கிறது. ஆகவே ஸ்டெ-11 எந்தச் செய்தியைக் கடத்தும் என்பதை, அந்த நேரத்தில் அது யாரோடு பிணைந்திருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

2003இல் உயிரியலாளர் வெண்டெல் லிம் குழுவினர் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஸ்டெ-5ஐயும் பிபிஎஸ்-2ஐயும் ஒரே சங்கிலியாக இணைத்து, வேண்டாத பிடிப்புகளை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். அந்தச் செல்களுக்கு ஆல்ஃபா காரணியைக் கொடுத்தபோது, அவை உப்பைத் தாங்கும் பாதையை முடுக்கின.

இதனால் சாரத்தை வெறும் மேடையாக எண்ணிவிட வேண்டாம். ஃபஸ்-3, ஸ்டெ-7க்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஸ்டெ-5இன் ஒரு பகுதி அதைத் தக்கபடி இளக்கிக்கொடுத்த பிறகே ஸ்டெ-7ஆல் அதன்மீது பாஸ்பேட்டை நன்றாக ஏற்ற முடிகிறது என்று 2009இல் அதே குழு காட்டியது. உணவு குறையும்போது அதே ஸ்டெ-7 கேஎஸ்எஸ்-1 என்ற வேறொரு கைனேஸை முடுக்கினாலும், ஃபஸ்-3 விழித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.