ஆசிட் ஊற்றுவேன் என்று மிரட்டினால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அக்காவின் பழைய காதலன் "மூஞ்சில ஆசிட் ஊத்திடுவேன்" என்று வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்புகிறான். குரைக்கிற நாய் கடிக்காது என்கிறார் அப்பா. போலீசுக்குப் போகலாமா? (பட்டர்வொர்த் வாசகி)

இவன் விஷயத்தில் பழமொழியை நம்பாதீர்கள், தங்கச்சி. மிரட்டலே குற்றம்தான். கொடுங்காயம் விளைவிப்பேன் என்று மிரட்டினால் மலேசியத் தண்டனைச் சட்டம் 506ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால், 2023இல் வந்த 507ஏ பிரிவும் சேரும்.

அவன் அனுப்பியதை அழித்துவிடுவதற்குள் அதை ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலீசில் ரிப்போர்ட் கொடுங்கள், அதில் வெறும் "தகராறு" என்று எழுத விடாதீர்கள். அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் வழக்கு அதில்தான் நிற்கும்.

ஒன்று கவனியுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், உறவினர் ஆகியோருக்குத்தான், காதலனுக்குப் பொருந்தாது. கணவன் மிரட்டினால் சமூகநல இலாகா அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அரசின் உதவி எண்ணான தாலியான் காசே, 15999, இரவிலும் எடுப்பார்கள்.

ஆசிட் பட்டால் மஞ்சள் தடவலாமா, பற்பசையா? (செந்தூல்)

இரண்டும் வேண்டாம். ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். ஆப்பசோடாவும் கூடாது, சூடு கிளம்பும். நனைந்த சட்டையைத் தலைவழியாகக் கழற்றினால் முகத்தில் இழுபடும், கத்தரியால் வெட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால், பட்ட கண் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி தலையைச் சாய்த்து ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதற்கிடையே ஒருவர் 999ஐ அழைக்கட்டும்.

ஆசிட் விற்பதையே நிறுத்திவிட்டால்? (கெப்போங்)

பால்மரக்காரருக்கு ரப்பர் பாலை உறையவைக்க அமிலம் வேண்டும், பேட்டரிக் கடைக்கும் வேண்டும். முழுத் தடை நடக்காது. பங்களாதேஷ் 2002இல் விற்பனைக்கு உரிமம் கட்டாயமாக்கி, வழக்குக்குத் தனி நீதிமன்றமும் வைத்தது. பிறகு தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. வாங்கியவன் யார் என்று கடையில் பதிவு இருந்தாலே பாதிப் பேர் யோசிப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆசிட் பட்ட அண்ணன் மகள் முகத்தில், தழும்பை அமுக்கிவைக்கும் அழுத்த முகமூடி போட்டிருக்கிறாள். கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போனால் எல்லாரும் பார்ப்பார்களே, வீட்டிலேயே விட்டுவிடலாமா? (செபராங் ஜெயா)

அவளிடம் கேட்டீர்களா? கடிதம் முழுக்க மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் இருக்கிறது. வர விரும்பினால் வரட்டும். விரும்பாவிட்டால் யாராவது கூட இருங்கள்.

தழும்பு தடிக்காமலிருக்க அந்த முகமூடியை நாளுக்கு 23 மணி நேரம் வரை, ஓராண்டுக்கு மேலும் போடச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் உள்ளே வியர்த்து அரிக்கும். மாற்றித் துவைக்க இரண்டு வேண்டும், அந்தச் செலவை ஏற்றுக்கொண்டாலே பெரிய உதவி அத்தை! வாயையும் கழுத்தையும் நீட்டும் பயிற்சியில் கூட உட்காருங்கள். விட்டால் தோல் இழுத்துக்கொள்ளும்.

கோர்ட்டில், பாதிக்கப்பட்ட என் தங்கைக்குப் பேச வாய்ப்பு உண்டா? (பிரிக்பீல்ட்ஸ்)

உண்டு. குற்றம் நிரூபணமான பின், தண்டனைக்கு முன், தன் பாதிப்பைப் பற்றி நீதிபதியிடம் அவர் சொல்லலாம். கேட்டால்தான் தருவார்கள், அதனால் அரசு வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நஷ்டஈட்டு உத்தரவையும் அரசு வழக்கறிஞர்தான் கோர வேண்டும். மருத்துவ ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்துக் கொடுங்கள்.