'டிடெக்டிவ் கோனன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனை முதன்முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? 1,000 எபிசோடு தாண்டிய தொடரை இந்த வயதில் தொடங்கலாமா?

தொடங்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். முப்பது வயதுக்கு மேல் கார்ட்டூன் பார்த்தால் வீட்டில் சிரிப்பார்களே என்ற தயக்கத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோனனைத் தேடிப் போகவில்லை. எங்கள் வீட்டு விலாசம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2012இல் கணவரின் வேலைக்காகத் தோக்கியோவுக்குப் போனோம். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாயில் வீடு. அது எடொகாவா வார்டில் வருகிறது. வார்டு அலுவலகத்தில் எந்தப் படிவம் கொடுத்தாலும் முதலில் விலாசம் எழுத வேண்டும். ஆகவே ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு வகை ஒலியெழுத்துகளையும் படித்த கையோடு நான் மனப்பாடம் செய்த முதல் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) 'எடொகாவா' என்ற மூன்று எழுத்துகள்தான். நாள் முழுக்க எழுதி எழுதிப் பார்ப்பேன். ஊரில் வேறு எந்தப் பலகையையும் படிக்கத் தெரியாது. அந்த மூன்று எழுத்து கண்ணில் பட்டால் மட்டும் தெரிந்தவர்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஜூன் மாத மழையில் ஒருநாள் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒதுங்கினேன். 105 யென் அலமாரியில் இருந்த ஒரு மங்கா (ஜப்பானியச் சித்திரக் கதை) புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு பையன் பேசும் குமிழுக்குள் எங்கள் வார்டின் பெயர்! அதே மூன்று எழுத்து, தொடர்ந்து கத்தகானாவில் கோ, ந, ன். நம் பகுதியில் நடக்கிற கதை போலிருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வார்டுக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது. குதோ ஷினிச்சி என்ற பள்ளி மாணவன் துப்பறிவதில் கெட்டிக்காரன். கறுப்பு உடைக்காரர்கள் கொடுத்த விஷத்தில் சாகாமல், ஒன்றாம் வகுப்புப் பையன் அளவுக்குச் சுருங்கிப்போகிறான். யார் நீ என்று தோழி ரான் கேட்கும்போது, பின்னால் இருக்கும் புத்தக அலமாரியைப் பார்த்து அவசரமாக ஒரு பெயரைச் சொல்கிறான். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலிடமிருந்து கோனன், ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடி எடொகாவா ராம்போவிடமிருந்து எடொகாவா. அந்த ராம்போவும் புனைபெயர்தான். எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரை ஜப்பானிய நாக்குக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டது. சிறுவயதில் ஹோம்ஸ் கதைகளைத் தமிழில் படித்தவள் நான். அதற்கு மேல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியுமா?

ஆனால் வேகமாகப் படிக்க முடியவில்லை. பையன்களுக்கான மங்காவில் ஒவ்வொரு கான்ஜிக்குப் பக்கத்திலும் பொடியாக ஹிரகானாவில் உச்சரிப்பு போட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அகராதியும் கையுமாக உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு மூன்று பக்கம் நகரும். 'குற்றவாளி', 'சாட்சி', 'கைரேகை', 'பூட்டிய அறை' எல்லாம் எனக்கு 'வெங்காயம்' என்ற சொல்லுக்கு முன்பே தெரியும். அப்புறம்தான் அது டிவியிலும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருகிறது என்று தெரிந்தது. அஒயாமா கோஷோ மங்காவை எழுதத் தொடங்கியது 1994. டிவியில் வரத் தொடங்கியது 1996 ஜனவரி 8. நான் பார்க்க ஆரம்பித்தபோதே பதினாறு வருடம் ஓடியிருந்தது. ஆகவே நீங்கள் 'தாமதமாகிவிட்டது' என்று நினைக்கவே வேண்டாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொடரில் தனியாக ஒரு சுகம் உண்டு. ஜப்பானிய வாக்கியமும் நம் வாக்கியம் போலவே வினையில் போய் முடியும். கடைசியில் கோனன் 'ஹன்னின் வா...' ('குற்றவாளி...') என்று இழுக்கும்போது, 'கொலை செய்தது...' என்று நம்மூரில் ஒருவர் இழுப்பது மாதிரியே இருக்கும். பெயர் கடைசியில்தான் விழும். ஆங்கில சப்டைட்டிலில் 'நீ' என்பது முதலிலேயே வந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு நொடி போய்விட்டால் பாதி ருசி போச்சு.

எங்கள் கீழ் வீட்டில் எழுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா தனியாக இருந்தார். சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் வீட்டிலிருந்தும் அதே இசை கேட்கும். ஒரு வாரம் கதை பாதியில் நின்றது, விடை அடுத்த சனிக்கிழமைதான். பழைய பேப்பர் கட்டுகளை எடுத்துப்போகும் நாள் அன்று அவரைக் கீழே பார்த்தபோது, வணக்கம் சொல்வதற்குப் பதில் "குற்றவாளி யார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இருபது நிமிடம் பேசினோம். மனைவியா, தம்பியா, கண்ணாடி டம்ளர் ஏன் ஈரமாக இருந்தது என்று. ஜப்பானுக்கு வந்து ஐந்து மாதத்தில் நான் பேசிய முதல் முழுப் பேச்சு அது. மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் அழுகை என்று கேட்பீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கணவரைச் சார்ந்த விசாவில் போனவள் நான். தனி அனுமதி வாங்கினால்கூட வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கோவையில் ஒரு மில்லில் ஆறு வருடம் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். பொங்கல் கூட்டத்தில் நம் ஆட்களே "நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்பார்கள். வேலையை விட்டு, மொழி தெரியாத ஊரில் குடித்தனம் நடத்துவது சும்மா இருப்பதா? கார்ட்டூன் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் "பொழுதுபோகலை போல" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் மருத்துவமனையில் தங்களுக்காகப் பேச என்னைத்தான் பிறகு கூட்டிப்போனார்கள். போனேன், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கவும் இல்லை.

சரி, கோனனுக்கு வருகிறேன். ஒசாக்கா பையன் ஹத்தோரி ஹெய்ஜி வரும் எபிசோடுகளைத் தவறவிடாதீர்கள். அவன் ஒசாக்கா பேச்சில்தான் பேசுவான். முதலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. புரிய ஆரம்பித்தபோது, கோவில்பட்டிக்காரியான எனக்கு ஊர்ப் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று, அந்த விஷத்தின் பெயரில் 4869 என்று ஓர் எண் வரும். ஜப்பானியர்கள் எண்களை எழுத்தாகவும் படிப்பார்கள்: ஷி, யா, ரோ, கு. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஷெர்லாக் வருவார். இதை யாரும் சொல்லித்தராமல், இரண்டாம் வருடம் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது நானே கண்டுபிடித்தேன். அந்தப் பெருமை இன்றைக்கும் குறையவில்லை.

கொலைக் கதையைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறீர்களா என்று கருத்தில் யாராவது வருவார்கள். இல்லை, கேட்டவர் பெரியவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மங்காவில் இல்லாமல் டிவிக்காகவே எழுதிய கதைகளைத் தள்ளிவிடு என்று சொல்பவர்களும் வருவார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டம்ளர் ஈரமாக இருந்த அந்தக் கதையே டிவிக்காக எழுதியதுதான்.

நாங்கள் 2019இல் ஊர் திரும்பினோம். மங்காவின் 100ஆவது தொகுதி 2021 அக்டோபரில் வெளியானது. கீழ் வீட்டு அம்மா அதைத் தபாலில் அனுப்பினார். உள்ளே ஒரு துண்டுத்தாள், எனக்காகக் கான்ஜி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பொடியாக ஹிரகானா எழுதியிருந்தார். இப்போது அது எனக்குத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எழுதியிருந்தார்.

நீங்கள் முதல் எபிசோடிலிருந்தே பாருங்கள். பெரும்பாலான வழக்குகள் ஒன்றிரண்டு எபிசோடில் முடிந்துவிடும், ஆயிரத்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. கறுப்பு உடைக்காரர்கள் வரும் கதைகளை மட்டும் வரிசை மாறாமல் பாருங்கள். நாயகனை ஜிம்மி என்றும் ரானை ரேச்சல் என்றும் கூப்பிட்டால் அது அமெரிக்க ஆங்கில டப்பிங். அதை நிறுத்திவிட்டு ஜப்பானியக் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.