சாதிப் பட்டியலும் நம் அரசியல் பார்வையும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சாதி என்பதே வெள்ளைக்காரர்கள் கணக்கெடுப்பின்போது உண்டாக்கியதுதான் என்று என் நண்பர் வாதிடுகிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ‘தீண்டாச்சேரி’, அதாவது தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்பு, வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றுவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் முந்தைய ஆவணம் அது. ஆங்கிலேயர் செய்தது வேறு. கோயில் மரியாதை, நிலவுரிமை, ஊர் வழக்கு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே சாதியின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1871-72இல் தொடங்கிய கணக்கெடுப்பு அதை மாகாணம் முழுவதற்குமான பட்டியலாக இறுக்கியது. 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கை அளந்தே சாதியின் உயர்வு தாழ்வை விளக்கிவிடலாம் என்று நம்பியவர். சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்கும்படி சொன்னவரும் அவரே.

கேள்வி: அதிகாரிகள் எழுதிய பட்டியல், சாதாரண மக்களின் எண்ணத்தை எப்படி மாற்றியிருக்க முடியும்?

பதில்: மக்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வரிசை என்று வந்தவுடன் மேலே ஏற வேண்டும் என்ற முனைப்பும் வந்தது. 1911இல் வங்காளத்தில் சாதிப் பெயரையும் தகுதியையும் மாற்றக் கோரி வந்த மனுக்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு, அதாவது சுமார் 56 கிலோ. சென்னை மாகாணத்தில் வன்னியர்கள் தங்களைச் சத்திரியர் என்று பதியுமாறு 1871லேயே விண்ணப்பித்தார்கள். ‘நாடார்’ என்ற பெயரை 1921இல் அரசு ஏற்றது. மனுக் கொடுக்கச் சங்கம் தேவைப்பட்டது; சங்கம் நடத்த மாநாடும் பத்திரிகையும் குலப் பெருமை பேசும் வரலாறும் தேவைப்பட்டன. தேர்தல் வந்தபோது அந்தச் சங்கங்களே வாக்குத் திரட்டும் அமைப்புகளாக நின்றன. தன் இடம் தவறு என்று போராடியவர்களில் பெரும்பாலோர் ஏணியே தவறு என்று சொல்லவில்லை. ஒரு கருத்து சமூகத்தில் வேரூன்றிவிட்டதற்கு, அதை எதிர்ப்பவரும் அதன் கணக்கிலேயே பேசுவதைவிட வலுவான சான்று இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: அதற்கு முன்னால் நம் மக்கள் சமூகத்தை வேறு விதமாகப் பார்த்தார்களா?

பதில்: பார்த்தார்கள். சோழர் காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை தமிழ்நாட்டின் பெரிய பிளவுகளில் ஒன்று வலங்கை, இடங்கை என்பது. வேளாளரும் பறையரும் வலங்கையில் இருந்தார்கள். கம்மாளரும் பேரி செட்டியாரும் பள்ளரும் இடங்கையில் இருந்தார்கள். இன்றைய கண்ணுக்கு இந்த அணிசேர்க்கை விளங்கவே விளங்காது. ஆனால் அன்று அதற்காக உயிரையும் விட்டார்கள். 1707இல் சென்னையில் எந்தக் கையைச் சேர்ந்தவர் எந்தத் தெரு வழியாகக் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று எழுந்த சச்சரவில் நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டுத் தெருக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று உங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி, நீங்கள் எந்தக் கை என்று கேட்டால் சிரிப்பார்கள். கணக்கெடுப்பு அறிக்கைகள் இப்பிரிவைக் குறிப்பிட்டனவே தவிர, அதை அடிப்படையாக வைத்து எண்ணவில்லை. இப்பிரிவு மறைந்ததற்கு அப்படி எண்ணாமல் விட்டது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வணிகமும் நகர நிர்வாகமும் மாறியதும் காரணம்தான். ஆயினும் சலுகையும் பதிவும் இல்லாத அடையாளத்துக்காக யாரும் நெடுநாள் சண்டையிடுவதில்லை.

கேள்வி: மதத்துக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1911 கணக்கெடுப்பில் குஜராத்தில் சுமார் 2 லட்சம் பேர் தங்களை முகமதிய இந்துக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கணக்கெடுப்பின் மேலதிகாரி அதை ஏற்காமல், ஏதாவது ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னார். அதற்குச் சற்று முன்புதான், 1909இல், முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் வந்திருந்தன. இரண்டுமாக இருப்பவர்களுக்கு அந்த அரசியலில் இடமில்லை.

கேள்வி: பட்டியலையே மறுத்தவர்கள் யாரும் இல்லையா?

பதில்: அயோத்திதாசப் பண்டிதரைச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டோர் ஆதியில் பௌத்தர்கள், சாதியற்றவர்கள் என்று வாதிட்டார். கணக்கெடுப்பில் இந்து என்று பதிய வேண்டாம் என்றார். பிறகு 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. பெருமளவு நடந்தும்விட்டது. ஆனால் பெயரிலிருந்து போன சாதி, பள்ளியில் சேர்க்கும் நாளில் தாசில்தார் கையொப்பமிட்ட சான்றிதழாகப் பைக்குள் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: இல்லை, வேண்டும் என்கிறேன். 1951 முதல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தவிர மற்றவர்களின் சாதியை எண்ணவில்லை. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. மண்டல் குழு 1931ஆம் ஆண்டின் எண்களை வைத்துத்தான் பிற்படுத்தப்பட்டோரைக் கணக்கிட நேர்ந்தது. பீகார் 2023இல் கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிட்டபோது, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 27.12 விழுக்காடு என்று தெரிந்தது; யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சின் தரமே அதனால் மாறியது. எச்சரிக்கை வேண்டியது வேறிடத்தில். 1931இல் 4,147 சாதிகள் பதிவாயின. 2011இல் தனியாக நடத்திய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பிலோ 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. கோத்திரம், குடும்பப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிட்டன. வரப்போகும் கணக்கெடுப்பில் இவற்றை ஒருங்கிணைக்கும் குழு எந்தப் பெயரை எந்தப் பெயருடன் சேர்க்கிறது, அந்தப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறதா என்பதைக் கவனியுங்கள்.