சி.ஓ.பி.டி. உள்ள அப்பாவுக்குக் கஞ்சா வேப் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கனடாவில், ஸ்கார்புரோவில் எங்களோடு இருக்கிறார். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர், ஆறு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைத்து மூச்சுவாங்கும் நாட்பட்ட நெஞ்சு வருத்தம்) என்று சொல்லி, வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் நோவும் இரவில் நித்திரை இல்லாததும் அவரைப் பாடாய்ப் படுத்துகின்றன. சொந்தக்காரர் ஒருவர் கஞ்சா எண்ணெய் போட்ட வேப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து, "இதிலை புகையே இல்லை, வெறும் நீராவிதான், நெஞ்சைத் திறந்துவிடும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார். நித்திரை வந்ததாம். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பேனாவை இன்றைக்கே அப்பாவின் கையிலிருந்து வாங்கி வையுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் "டொக்டர் வேண்டாமாம்" என்று மட்டும் சொன்னால் எங்கள் அப்பாமார் கேட்கமாட்டார்கள்.

முதலில் அந்த "நீராவி". அது நீர் இல்லை. காருக்குள் வேப் இழுக்கிறவர் யாராவது தெரிந்தால், அவருடைய கார்க் கண்ணாடியை உட்பக்கமாக விரலால் ஒருதரம் தேய்த்துப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நீராவி என்றால் காய்ந்து போயிருக்கும். கண்ணாடியில் படிகிற அந்தப் பிசுக்குத்தான் நெஞ்சுக்குள்ளும் போகிறது. நல்ல நெஞ்சு அதை இருமித் தள்ளப் பார்க்கும். உங்கள் அப்பாவின் மூச்சுக்குழாய்களில் சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்களைச் சிகரெட் எப்போதோ அரைவாசி அழித்துவிட்டது. தள்ள ஆளில்லாத வீட்டுக்குள் இன்னும் குப்பை கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

"நெஞ்சைத் திறக்கும்" என்ற பேச்சு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1970களில் லொஸ் ஏஞ்சலிஸில் டொனால்ட் தாஷ்கின் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். கஞ்சாவிலுள்ள ரி.எச்.சி. என்ற போதைச் சத்து கொஞ்ச நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிப்பது உண்மைதான். அதை மருந்தாக்கலாமா என்று, புகையே இல்லாமல், சுத்தமான ரி.எச்.சி.யைத் தூவலாக இழுக்கக் கொடுத்தும் பார்த்தார்கள். இருமல் வந்தது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள சிலருக்குக் குழாய் விரிவதற்குப் பதிலாக இறுகியது. புகையை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்கிறவர்கள் இந்தப் பழைய கதையைச் சொல்வதே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கவேண்டும். வேப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று, காய்ந்த கஞ்சாப் பூவைப் போட்டு, எரியவிடாமல் சூடாக்குகிற கருவி. மேசையில் வைப்பதும் உண்டு, கையில் பிடிப்பதும் உண்டு. ஏறத்தாழ 180 முதல் 210 பாகை செல்சியசில் பூவிலுள்ள மருந்துச் சத்து ஆவியாகும், பூ எரியாது. எரியும் சுருட்டின் நுனி 600 பாகையைத் தாண்டும். தாரும் காபன் மொனொக்சைட்டும் வருவது அந்த எரிதலில்தான். மற்றது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற பேனா. அதற்குள் இருப்பது பூ இல்லை, பிழிந்தெடுத்த கெட்டி எண்ணெய். முதலாவதைப் பற்றி வந்த நல்ல செய்தியை இரண்டாவதை விற்கிறவர்கள் களவாடிக்கொள்கிறார்கள்.

அந்த நல்ல செய்தி என்ன? 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ராம்ஸ் குழுவினர் 18 பேரை வைத்துப் பார்த்தார்கள். பூவைச் சூடாக்கி இழுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த ரி.எச்.சி. ஏறத்தாழப் புகைத்த அளவுதான், ஆனால் மூச்சில் வந்த காபன் மொனொக்சைட் மிகக் குறைவு. நல்ல விசயம்தான். ஆனால் அந்த 18 பேரும் சுகதேகிகள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களைப் பற்றி மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நோய் முற்றிய 16 பேருக்கு ஒரேயொரு தரம் இழுக்கக் கொடுத்து, சைக்கிள் மிதிக்கவிட்டுப் பார்த்தார்கள். மூச்சுவாங்கல் குறையவில்லை, கூடவும் இல்லை. "பார்த்தீர்களா, கெடுதல் இல்லை" என்று இதைக் காட்டுகிறார்கள். ஒருநாள் ஒருவேளை இழுத்ததை வைத்து, ஒவ்வொரு இரவும் இழுப்பதற்கு எப்படி அனுமதி கொடுப்பது? பலனும் இல்லை என்று அதே ஆய்வு சொல்வதை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

இப்போது பேனாவுக்கு வருவோம். போன வருடம் ஒருவர் என் மேசையில் இதேமாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். குழாயைத் தலைகீழாகப் பிடித்து, "பாருங்கோ டொக்டர், குமிழி எவ்வளவு மெதுவாய் ஏறுது, தேன் மாதிரி, கலப்படமே இல்லை" என்றார். அந்தக் குமிழிச் சோதனையை நம்பித்தான் அமெரிக்காவில் ஆட்கள் செத்தார்கள். எண்ணெயில் மலிவான திரவம் கலந்தால் நீர்த்துப்போய்க் குமிழி விறுக்கென்று ஓடும், வாங்குகிறவன் பிடித்துவிடுவான். அதை மறைக்க, கெட்டியாகவே இருக்கிற விற்றமின் ஈ அசிற்றேற்றைக் கலந்தார்கள் கள்ளச்சந்தைக்காரர். தோலில் பூசவும் குளிசையாக விழுங்கவும் பிரச்சினையில்லாத சாமான், சூடாக்கி நெஞ்சுக்குள் இழுத்தால் நஞ்சு. 2019இல் வைத்தியசாலைகளில் இளம் ஆட்கள் மூச்சுத் திணறி வந்து விழுந்தார்கள். 2020 பெப்ரவரி 18 வரைக்கும் 2,807 பேர், அவர்களில் 68 பேர் இறந்துபோனார்கள். நெஞ்சைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரிடம் அந்த விற்றமின் எண்ணெய் இருந்தது. அவர்களில் அனேகர் உங்கள் அப்பாவைவிட எவ்வளவோ நல்ல நெஞ்சுக்காரர்.

"நாங்கள் லைசென்ஸ் கடையில்தானே வாங்குகிறோம்" என்று கேட்பீர்கள். அது நல்லதுதான். பெட்டியில் வரி முத்திரையும், எண்கோண வடிவத்தில் இலைபோட்ட சிவப்பு அடையாளமும் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். ஆனால் அரசு அனுமதித்த எண்ணெயும் சுத்த நெய் இல்லை. கனடா அரசின் ஆய்வாளர்கள் சட்டப்படி விற்ற எண்ணெயையும் பொலிஸ் பிடித்த எண்ணெயையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து 2023இல் சொன்னது என்னவென்றால், பேனாவைச் சூடாக்குவதற்கு முன்பே எண்ணெய்க்குள் உலோகத் துகள் இருக்கிறது. கள்ளச் சரக்கில் ஈயம் மிக மோசம். ஆனால் சட்டச் சரக்கும் முழுக்கத் தப்பவில்லை. உங்கள் சொந்தக்காரர் கொண்டுவந்த பேனாவில் முத்திரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலேயே எனக்குப் பதில் தெரிகிறது.

பூஞ்சணத்தைப் பற்றியும் ஒரு சொல். காய்ந்த பூவில் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் இருக்கலாம், பூவைச் சூடாக்குகிற கருவியின் சூடு அதை முழுதாகக் கொல்லும் என்று நம்பமுடியாது. சி.ஓ.பி.டி. மோசமாகும்போதெல்லாம் அப்பாவுக்குப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுப்பார்கள், அந்த நாட்களில் உடம்பின் எதிர்ப்பு விழுந்திருக்கும். அந்த நேரம் பூவாக இருந்தாலும் இழுக்கவே கூடாது.

அடுத்தது தரகர்கள். ரொறன்ரோவில் இப்போது பத்து நிமிட வீடியோ அழைப்பில் கஞ்சாவுக்குக் கடிதம் கொடுக்கிற கிளினிக்குகள் முளைத்திருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை யாரும் வைத்ததில்லை, ஊதிப் பார்க்கும் சோதனை செய்ததில்லை. கடிதம் மட்டும் இருந்தது, கூடவே ஒரே ஒரு கம்பனியின் சாமான் பட்டியல். எந்தக் கிளினிக்காவது உங்களை ஒரு கம்பனிக்கு மட்டும் அனுப்பினால், வருத்தத்தைக் கேட்க முன் கிரெடிட் கார்ட்டைக் கேட்டால், கருவியையும் தாங்களே விற்றால், எழுந்து வாருங்கள். தமிழில் கதைக்கிறார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். எங்கள் வயதான ஆட்களுக்குத் தமிழில் ஆறுதலாக நாலு வார்த்தை கதைத்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோபம் அவர்கள்மேல் மட்டுமில்லை. 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சாவைச் சட்டமாக்கிய நாடு, வைத்தியர் கடிதத்தில் எதை எழுதச் சொல்கிறது தெரியுமா? நாளுக்கு இத்தனை கிராம் காய்ந்த கஞ்சா, இத்தனை நாளைக்கு, கூடினால் ஒரு வருடம். அவ்வளவுதான். இழுக்கவா விழுங்கவா, எவ்வளவு காரம் என்று எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. வேறு எந்த மருந்தையாவது இப்படி நிறுத்துக் கொடுப்போமா? நெஞ்சு வருத்தக்காரருக்கு எழுத வேண்டிய முதல் வரியே "இழுக்கக் கூடாது" என்பதுதான், அந்த வரிக்குப் படிவத்தில் இடம் இல்லை. பிறகு நெஞ்சு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் சொந்தக்காரர் பேனாவோடு வருவார்தானே.

சரி, நோவுக்கும் நித்திரைக்கும் கஞ்சா உதவுகிறது என்று அப்பா பிடிவாதமாக நின்றால், விழுங்குகிற எண்ணெயோ, 'கம்மி' என்ற கஞ்சா மிட்டாயோ நெஞ்சுக்குக் குறைந்த கெடுதல். அதுவும் குடும்ப வைத்தியருக்குச் சொல்லிவிட்டு. சட்டப்படி ஒரு பெட்டிக் கம்மியில் மொத்தமே 10 மில்லிகிராம் ரி.எச்.சி.தான். ஒரே துண்டாக இருந்தால் அதை நாலாக வெட்டி ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். இழுத்தால் சில நிமிடத்தில் ஏறும், விழுங்கினால் ஒன்று இரண்டு மணித்தியாலம் செல்லும். "ஒண்டும் செய்யேல்லை" என்று அடுத்த துண்டைப் போட்டுவிட்டு, நடுச்சாமத்தில் பாத்ரூமுக்கு எழும்பி விழுந்து இடுப்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நித்திரைக் குளிசையோ மோர்ஃபின் வகையோ எடுப்பவராக இருந்தால் இதுவும் வேண்டாம், மூச்சு அடங்கிப்போகும். இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் எடுப்பவரென்றால் இரத்தச் சோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லுங்கள்.

வாயால் எடுத்தால் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் சி.ஓ.பி.டி. உள்ள 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பதிவுகளை ரொறன்ரோ ஆய்வாளர்கள் அலசி 2021இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது பெரும்பாலும் நபிலோன் என்ற கஞ்சா வகைக் குளிசை, இழுக்கவே இல்லை. நாளுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் நெஞ்சு வருத்தத்தால் வைத்தியசாலைக்குப் போனதும் இறந்ததும் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே மோசமானவர்களுக்குத்தான் கூட டோஸ் கொடுத்திருப்பார்கள் என்றும் வாதிக்கலாம். இருந்தாலும் மிகக் கவனமாகத் தொடங்கவேண்டிய மருந்து இது.

இழுப்பதை நான் தடுக்காத ஆட்கள் ஒரு வகை உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். கடைசி நாட்களில் இருப்பவர்கள். நுரையீரல் புற்றுநோய் முற்றி, விழுங்கிய எதுவும் வயிற்றில் நிற்காமல் வாந்தியாக வருகிறது, குளிசை உடனே வேலை செய்யாது, உயிர் இன்னும் சில வாரம். அவருக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகு மூச்சுக்குழாய் என்னாகும் என்று கணக்குப் பார்ப்பது கொடுமை. அப்போது வலிநிவாரணக் குழுவுக்குத் தெரியப்படுத்தி, சூட்டின் அளவு காட்டுகிற நல்ல கருவியில், சட்டப்படி வாங்கிய பூவை, ஒரேயொரு சின்ன மூச்சு. கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னொன்று. பூவாக இருக்கவேண்டும், பேனா எண்ணெய் அவருக்கும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேரப்பிள்ளைகள் அறையில் இருக்கவேண்டாம். வீட்டு ஒட்சிசன் பிடிப்பவராக இருந்தால் மெசினை நிறுத்தி, மூக்குக் குழாயைக் கழற்றி, வேறு அறைக்குப் போய், உடுப்பில் தங்கிய ஒட்சிசன் கலைய நேரம் கொடுத்த பிறகுதான், ஏனென்றால் கருவிக்குள் சூடேறும் கம்பி இருக்கிறது, முகம் எரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், இந்த விதிவிலக்கைக் காட்டித்தான் நடமாடித் திரிகிறவர்களுக்கும் பேனாவை விற்கிறார்கள். உங்கள் அப்பா இந்த வகை இல்லை. படியேறுகிறார், சாப்பிடுகிறார், குளிசை விழுங்குகிறார்.

அடுத்த சில வாரம் அப்பாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். புதிதாக இருமல், காய்ச்சல், வயிற்றுப் பிரட்டல், வழக்கத்தைவிட மூச்சுவாங்கல் வந்தால் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போய், "கஞ்சா வேப் இழுத்தவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் நிமோனியா என்று நினைத்து நாலு நாளை வீணாக்குவார்கள். பேனாவையும் கொண்டுபோங்கள். அதோடு, யாழ்ப்பாணம் போகிற யோசனை இருந்தால் அவருடைய பையைச் சோதியுங்கள். இங்கே கடிதம் இருந்தாலும் கஞ்சாவை எல்லை கடத்துவது கனடாச் சட்டத்திலேயே குற்றம், கட்டுநாயக்காவில் பிடித்தால் யாரும் காப்பாற்றமாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இன்றிரவு அப்பா பம்ப் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் அழுத்தும்போது வாயோரத்தாலோ மூக்காலோ வெள்ளையாகப் பனிமாதிரி வெளியே வந்தால், மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை, சுவருக்குப் போகிறது. இப்படிப் பல வருடம் அடித்துக்கொண்டிருப்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். பார்மசியில் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் கேளுங்கள், அதைப் பொருத்தி, ஒரு அழுத்து, மெதுவாக ஒரு நீண்ட மூச்சு, பத்து எண்ணும்வரை பிடிப்பு. பார்மசிக்காரரையே அப்பாவுக்கு முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். இரவில் அவரை எழுப்புவது முழங்காலா மூச்சா என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், அதைக் குறித்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போங்கள்.