ராஜினாமாக் கடிதம்: யாருக்கு, எப்படி, எந்தத் தேதி போட்டு? – கேள்வி பதில்

வடசென்னையின் யார்டுகள், தொழிற்சாலைகள், பாரிமுனை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர், சம்பளப் பட்டியலும் ஊழியர் கோப்புகளும் கையாளும் மனிதவள ஆலோசகர்.

தண்டையார்பேட்டை: மேடம், இது என் முதல் வேலை. நெட்ல இருக்குற மாதிரிக் கடிதத்துல ஒரு பக்கத்துக்கு நன்றி நன்றின்னு போட்டிருக்காங்க. அவ்வளவு எழுதணுமா?

வேண்டாம் தம்பி, ஆறேழு வரி போதும். நாளைக்கு உங்கள் கோப்பைப் பிரிப்பவர் தேடுவது கடிதம் கொடுத்த தேதியையும் கடைசி வேலை நாளையும்தான். விடுப்புப் பணம், பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாவற்றுக்கும் அந்தத் தேதிகளை வைத்தே கணக்குப் போடுவார்கள். இப்படி எழுதலாம்:

"நாள்: 02-03-2026. பெறுநர்: மேலாளர், பணியாளர் பிரிவு. பொருள்: பணி விலகல். ஐயா, நான் ஸ்டோர்ஸ் பிரிவில் உதவியாளராக (ஊழியர் எண்: …) பணிபுரிகிறேன். இப்பணியிலிருந்து விலகுகிறேன். பணி நியமன ஆணையில் உள்ள 30 நாள் முன்னறிவிப்பின்படி 01-04-2026 என் கடைசி வேலை நாள். என் பொறுப்பில் உள்ளவற்றை அதற்குள் ஒப்படைக்கிறேன். கணக்கை முடித்து, பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் தர வேண்டுகிறேன்."

கீழே கையெழுத்து, சொந்த மின்னஞ்சல், கைப்பேசி எண். நன்றி சொல்ல மனமிருந்தால் ஒரு வரி.

கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்து 30 நாளை எண்ணியிருப்பதைக் கவனியுங்கள். ஆணையில் '30 நாள்' என்று இருக்கிறதா, 'ஒரு மாதம்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பிப்ரவரியில் இரண்டுக்கும் வித்தியாசம் வரும்.

'விலகலாம் என்று நினைக்கிறேன்' என்றால் அது ராஜினாமாவே இல்லை, வெறும் எண்ணம். 'கூடிய விரைவில் விடுவிக்கவும்' என்பது அதைவிட மோசம். அன்று மாலையே அனுப்பிவிட்டு, நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்பார்கள். தமிழில் எழுதினாலும் கடிதம் செல்லும்.

எண்ணூர்: சூப்பர்வைசர் தொல்லை தாங்காமதான் போறேன். அதைக் கடிதத்துல எழுதலாமா?

கோபத்தை ஆற்றிக்கொள்ள என்றால் வேண்டாம். படிப்பவருக்கு அது சண்டைக் கடிதமாகத்தான் தெரியும். சம்பந்தப்பட்டவரே உங்களைப் பற்றிப் புதிய நிறுவனத்துக்குப் பதில் சொல்பவராகவும் இருக்கலாம். தேதி, சம்பவம், பார்த்தவர் விவரத்தோடு தனிப் புகாராகக் கொடுங்கள், ராஜினாமாவுக்கு முன்பே கொடுங்கள்.

ஆனால் சம்பளம் பாக்கி என்றாலோ, உங்களை மிரட்டி வெளியேற்றுகிறார்கள் என்றாலோ கதை வேறு. அப்போது 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வார்த்தை கடிதத்தில் இருக்கக் கூடாது. பின்னால் தொழிலாளர் அலுவலரிடம் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். அவர்களே தட்டச்சு செய்து வைத்திருக்கும் கடிதத்தில், படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மணலி: நான் கான்ட்ராக்ட் ஆளு. வேலை பெரிய கம்பெனி உள்ள, சம்பளம் கான்ட்ராக்டர்கிட்ட. கடிதம் யாருக்குண்ணு புரியல.

கான்ட்ராக்டருக்குத்தான். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, உங்கள் பி.எஃப். கணக்கில் எந்த நிறுவனம் காட்டுகிறதோ, அவரே உங்கள் முதலாளி. உள்ளே வேலை வாங்கும் இன்ஜினியரிடம் மட்டும் சொல்லிவிட்டு நின்றால், கான்ட்ராக்டர் பதிவேட்டில் 'சொல்லாமல் நின்றவர்' ஆகிவிடுவீர்கள். இன்ஜினியருக்கு ஒரு நகல் கொடுப்பது மரியாதை, அவ்வளவுதான்.

கேட் பாஸ், ஹெல்மெட், ஷூ, லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட் பாஸ் திரும்பவில்லை என்பதற்காகவே கடைசிச் சம்பளம் நிற்பது இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது.

பி.எஃப்.-இல் விலகிய தேதியை அவர்கள் ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே ஏற்றலாம். ஆதாரும் கைப்பேசி எண்ணும் இணைந்திருக்க வேண்டும். போடும் தேதி கடிதத்தில் உள்ள தேதியோடு பொருந்த வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டிய சந்தாவுக்குரிய பயன்காலம் முடியும்வரை அயனாவரம் மருத்துவமனையில் சிகிச்சை உண்டு.

பெரம்பூர்: நேர்ல கொடுத்தா, 'எடுத்துட்டுப் போப்பா, அப்புறம் பார்க்கலாம்'னு திருப்பித் தராரு. என்ன செய்ய?

வாங்கிக்கொள்ளாதவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அன்றே அலுவலக மின்னஞ்சலிலிருந்து மேலாளருக்கும் பணியாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள், உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு நகல் போகட்டும். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சல் மூடப்படும், அதோடு சாட்சியும் போய்விடும். மின்னஞ்சல் இல்லாத இடமென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் டெலிவரிச் சான்றோடு அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். மறுத்ததற்கு அதுவே அத்தாட்சி.

வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்வது போதாது. கூடுதலாக அனுப்பலாம்.

பாரிமுனை: கிளியரிங் ஆபீஸ்ல மூணு வருஷம். நியமன ஆணையே தரலை. எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்கணும் மேடம்?

1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஒரு மாத முன்னறிவிப்பு பற்றிப் பேசுகிறது. ஆனால் அது, ஆறு மாதத்துக்கு மேல் இருந்த ஊழியரை நிறுத்தும் முதலாளிக்குச் சொன்னது. அதைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது. இருந்தாலும் ஒரு மாதம் கொடுத்துவிடுங்கள். கப்பல் தொழிலில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. உங்கள் பெயரில் சுங்கத்துறை அடையாள அட்டை (எச் கார்டோ ஜி கார்டோ) இருந்தால் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

திருவொற்றியூர்: நோட்டீஸ் 60 நாள். புது கம்பெனி 20 நாள்ல சேரச் சொல்றாங்க.

முதலில் ஆணையைப் படியுங்கள். 'அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்ற வரி இருந்தால் மீதி 40 நாளுக்குப் பணம் கட்டி விலகலாம். அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்பதும் அதிலேயே இருக்கும். தொகை பாதியாகக் குறைவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான். சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸ் பணத்தின்மேல் ஜி.எஸ்.டி. கேட்டால் மறுக்கலாம். அதற்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். பணம் கட்டுவதை எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகே நில்லுங்கள்.

வியாசர்பாடி: 4 வருஷம் 10 மாசம் ஆச்சு. இப்ப விட்டா கிராஜுவிட்டி போயிடுமா?

ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டு முடியவில்லை என்று தகராறு செய்யும். இரண்டு மாதம் பொறுக்க முடிந்தால், கடைசி வேலை நாள் ஐந்து ஆண்டைத் தாண்டும்படி கடிதத் தேதியைப் போடுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 ரூபாய் என்றால், 18,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 51,923 ரூபாய். வழக்கு நடத்தி வாங்குவதைவிட இரண்டு மாதம் பொறுப்பது லாபம்.

கொருக்குப்பேட்டை: தீபாவளி போனஸ் வாங்கிட்டுதான் கடிதம் கொடுக்கணுமா?

சட்டப்படியான போனஸுக்கு அது அவசியமில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்தக் கணக்காண்டில் 30 வேலை நாளாவது பார்த்திருந்தால், விலகினாலும் குறைந்தது 8.33 சதவீதம் உங்களுக்கு உண்டு. முதலாளி தன் விருப்பத்தில் கொடுக்கும் கருணைத் தொகை மட்டும் பட்டுவாடா நாளில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். உங்களிடம் எது கொடுக்கிறார்கள் என்று போன வருடச் சீட்டில் பாருங்கள்.

ராயபுரம்: மூணு வருஷ பாண்டு போட்டிருக்கேன். சர்டிபிகேட்டும் அவங்ககிட்டதான் இருக்கு.

பாண்டு செல்லாது என்று பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பயிற்சிக்கு என்ன செலவு செய்தார்கள், தொகை நியாயமா என்பதை வைத்துப் பேரம் பேசுங்கள். விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடை வேறு சங்கதி, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன் அது நிற்பது கடினம். அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி ராஜினாமாக் கடிதத்திலேயே, எந்தெந்தச் சான்றிதழ் என்று பெயரிட்டு ஒரு வரி சேருங்கள்.

எர்ணாவூர்: கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்கலாமா?

கடைசி வேலை நாளை வரப்போகும் ஒரு தேதியாகக் குறிப்பிட்டிருந்தால் அந்த நாள் வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது 1978-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பொது விதி. நியமன ஆணையோ நிலையாணையோ (நிறுவனத்தின் பணி விதிகள்) வேறு மாதிரி சொல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே ஏற்புக் கடிதம் வருமுன் எழுத்தில் கொடுங்கள், முதல் கடிதம் போன அதே வழியில்.