சீனாவுக்கு முதல் பயணம்: காசு எங்கே கரையும்?

விடுமுறை நெருங்கும்போது பயணக் கேள்விகள் குவிவது வழக்கம். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சீனா பற்றியவை. காரணம் புரிகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் 2024 பிப்ரவரியிலிருந்தும், மலேசியர்கள் 2025 ஜூலையில் அமலான ஒப்பந்தப்படியும் 30 நாள்வரை விசா இல்லாமல் போய்வரலாம். இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களும் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கின. பெருஞ்சுவரின் அழகை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் பத்தியின் வேலை பணப்பையைக் காப்பது.

கேள்வி: கணவர், மகளுடன் பெய்ஜிங், ஷாங்காய் போகிறேன். அங்கே யாரும் ரொக்கம் வாங்குவதில்லை என்கிறார்கள். அலிபே செயலியில் என் கார்டை இணைத்துவிட்டேன். அது போதுமா? (வாசகி, ஈப்போ)

பதில்: முக்கால் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். மீதியையும் ஊரிலேயே தாண்டிவிடுங்கள். செயலிக்குள் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து அடையாளச் சரிபார்ப்பை முடித்தீர்களா? வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு வங்கி உங்கள் கார்டைத் திறந்துவிட்டிருக்கிறதா? இரண்டையும் பாருங்கள். வேறொரு வங்கியின் கார்டையும் சேர்த்து வையுங்கள். சந்தேகத்தில் ஒரு வங்கி கார்டை முடக்கினால் இன்னொன்று கைகொடுக்கும். உங்கள் ஊர் டச் அண்ட் கோ மின்பணப்பை இருந்தால் அதையும் அங்கே அலிபே வாங்கும் கடைகளில் பயன்படுத்தலாம்.

மூவரும் போகிறீர்கள், ஆனால் பணம் உங்கள் போனில் மட்டும் இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சார்ஜ் தீர்ந்தாலோ போன் தொலைந்தாலோ மூன்று பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கணவர் போனிலும் ஒரு கணக்கு இருக்கட்டும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டுக் கார்டில் 200 யுவான்வரை கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். சாப்பாட்டு பில் 330 யுவான் வந்தால் 10 யுவான் போல கூடுதலாகப் போகும். அதையே இருவரும் 165, 165 என்று பிரித்துக் கட்டினால் ஒன்றும் போகாது. கடைக்காரர் முகம் சுளிக்காத இடத்தில் செய்து பாருங்கள்.

பணம் கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. உங்கள் திரையில் இருக்கும் கியூஆர் குறியைக் கடைக்காரர் ஸ்கேன் செய்வது ஒன்று. சுவரில் ஒட்டியிருக்கும் குறியை நீங்கள் ஸ்கேன் செய்து தொகையை அடிப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் கவனம் தேவை. 18 அடிக்க வேண்டிய இடத்தில் 180 அடித்துவிட்டால் மொழி தெரியாத ஊரில் திரும்ப வாங்குவது பெரும்பாடு. எண்ணை அடித்ததும் போனைத் திருப்பிக் கடைக்காரரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு உறுதி செய்யுங்கள்.

ரொக்கத்தை மறுப்பது அங்கே விதிப்படி தவறு. ஆனாலும் 100 யுவான் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்று கையை விரிப்பார்கள். 10, 20 தாள்களாக ஒரு 500 யுவான் வைத்திருங்கள்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு வரி: 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில், அலிபே போலவே சீனாவில் பணம் கட்ட உதவும் வீசாட்டும் இருக்கிறது. எனவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: சீனாவில் வாட்ஸ்அப் ஓடாதாமே? அங்கே போய் மலிவாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். (வாசகர், மதுரை)

பதில்: சிம் மலிவுதான். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுப்பார்கள். ஆனால் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அதில் வராது, ஹோட்டல் வைஃபையிலும் வராது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் எல்லாம் வழக்கம்போல ஓடும். வங்கியின் ஓடிபி வருவதும் ஊர் எண்ணுக்குத்தான். ஆக, ஒரு வாரப் பயணத்துக்கு ரோமிங் பேக் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். கூகுள் வரைபடத்தை மட்டும் அங்கே நம்ப வேண்டாம். தெரு ஓரிடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி வேறிடத்திலும் காட்டும்.

கேள்வி: குவாங்சோ போன என் தம்பி, 15 யுவான் என்று எழுதியிருந்த மங்குஸ்தானை ஒரு கிலோ வாங்கினான். 30 யுவான் எடுத்துக்கொண்டார்களாம். இந்த அநியாயத்தைக் கேட்க ஆள் இல்லையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அங்கே பழம், காய்கறி, மீன், இறைச்சி எல்லாமே பெரும்பாலும் ‘ஜின்’ கணக்கில் விற்கும். ஒரு ஜின் என்பது அரைக் கிலோ. அட்டையில் இருந்த 15 அரைக் கிலோவுக்கான விலை. கடைக்காரர் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார், தம்பியிடம் கோபிக்காதீர்கள்.

விலையைப் பார்க்கிறோம், அது எந்த அளவுக்கு என்று பார்ப்பதில்லை. முதல்முறை போகிறவர்கள் பலருக்குப் பணம் போவது இப்படித்தான், திருடனிடம் அல்ல. பழத்தில் போனால் சில்லறையோடு போச்சு, கடல் உணவில் பர்ஸே காலியாகும். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டி ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது அரைக் கிலோவுக்கா, அதில் பத்தில் ஒரு பங்கான 50 கிராமுக்கா என்று தெரியாமல் தலையாட்டினால் தொலைந்தோம். 2015 அக்டோபரில் சிங்தாவ் நகரில் நடந்தது சீனா முழுக்கப் பேசப்பட்டது. ஓர் உணவகத்தில் இறால் 38 யுவான் என்று போட்டிருந்தது. தட்டுக்கு என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் சாப்பிட்டார்கள். பில் வந்தபோது அது ஒவ்வோர் இறாலுக்கும் 38 என்று ஆகிவிட்டது. கடைசியில் அந்தக் கடைக்கு 90,000 யுவான் அபராதம் போட்டார்கள். ஏமாந்தவர்களும் சீனர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்! மொழி தெரிந்தவர்கள் பாடே அப்படி. மீனை எடை போட்டு, மொத்தத் தொகையை எழுதிக் காட்டிய பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

தள்ளுபடிப் பலகையும் இதே ரகம். கடை வாசலில் கொட்டை எழுத்தில் 8 என்றும் பக்கத்தில் ஒரு சீன எழுத்தும் இருந்தால், விலையில் பத்தில் எட்டுப் பங்கு கொடுக்க வேண்டும் என்று பொருள். அதாவது 20 சதவீதத் தள்ளுபடி. 3 என்று போட்டிருந்தால்தான் உள்ளே ஓட வேண்டும். அது 70 சதவீதம்.

சந்தையில் விலையைக் கைவிரலால் காட்டுவதும் உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினால் எட்டு. நாம் இரண்டையுமே இரண்டு என்று எடுத்துக்கொண்டு, என்ன மலிவு என்று பையை நீட்டுவோம். கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்வதே நல்லது.

பேரம் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பெய்ஜிங் பட்டுத் தெரு அங்காடி, ஷென்சென் எல்லையில் இருக்கும் லோஹூ வணிக வளாகம் போன்ற இடங்களில் பேரம் பேசாவிட்டால்தான் தப்பு. சொன்ன விலையில் கால் பங்கிலிருந்து ஆரம்பியுங்கள், படியாவிட்டால் நடையைக் கட்டுங்கள். பின்னாலேயே கூப்பிடுவார்கள். அச்சடித்த விலை ஒட்டியிருக்கும் பல்பொருள் அங்காடியில் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

நிஜமாகவே ஏமாற்றினால் 12315 என்ற நுகர்வோர் புகார் எண் இருக்கிறது. அந்நாட்டு நுகர்வோர் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி மோசடி நிரூபணமானால் விலையைப் போல மூன்று மடங்கு இழப்பீடு, அது 500 யுவானுக்குக் குறைந்தால் 500 யுவான். ஆனால் கையில் ரசீது இல்லாமல் எந்தச் சட்டமும் உதவாது. ‘ஃபாபியாவ்’ என்று கேட்டு அதிகாரபூர்வ ரசீதை வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஷாங்காய் நான்ஜிங் சாலையில் ஆங்கிலம் பேசும் இளம்பெண்கள் இருவர் படம் எடுத்துத் தரச் சொன்னார்களாம். பிறகு தேநீர் விழாவுக்கு அழைத்தார்களாம். என் நண்பர் போகவில்லை. போயிருக்கலாமோ என்று இப்போது வருத்தப்படுகிறார். (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: நண்பருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அங்கேயும் பெய்ஜிங் வாங்ஃபூஜிங் தெருவிலும் ஆண்டுக்கணக்காக விரிக்கப்படும் வலை அது. குட்டிக் குட்டிக் கோப்பையில் நாலைந்து வகைத் தேநீர் வரும், கடைசியில் ஆயிரக்கணக்கான யுவானுக்கு பில் வரும். அந்தப் பெண்களும் தங்கள் பங்கைக் கட்டுவதுபோல நடிப்பார்கள். மாட்டிக்கொண்டால் 110 என்ற போலீஸ் எண்ணை அழைக்கப் போவதாகச் சொல்லிப் போனை எடுங்கள், பேச்சு மாறும். நல்ல தேநீர் குடிக்க ஆசையிருந்தால் விலைப்பட்டியல் வைத்திருக்கும் கடையை நீங்களே தேடிப் போங்கள்.

கேள்வி: அதிவேக ரயில் டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் வாங்குவதா, நேரடியாகவா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: நேரடியாக. 12306 என்பது சீன ரயில்வேயின் சொந்தத் தளம், ஆங்கிலத்திலும் இருக்கிறது. பயணத்துக்கு 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும். அதற்கு முன்பே உங்களிடம் காசு வாங்கும் ஏஜென்ட் கையில் டிக்கெட் எதுவும் இல்லை, வரிசையில் உங்கள் பெயரை எழுதி வைக்கிறார், அவ்வளவே.

பாஸ்போர்ட்தான் டிக்கெட், தாள் தேவையில்லை. நம்மவர்களுக்குத் தகராறு பெயரில் வரும். அப்பா பெயர் முன்னால், ஊர்ப்பெயர் பின்னால், சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதியுங்கள். இன்னொன்று, நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். பெய்ஜிங் தெற்கு வேறு, பெய்ஜிங் மேற்கு வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடிப் பிடிக்க முடியாது. பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டரை விரைவு வண்டி நாலரை மணிநேரத்தில் கடந்துவிடும். உள்நாட்டு விமானம் யோசிக்கிறவர்கள் இதையும் கணக்குப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குவாங்சோ வணிகக் கண்காட்சிக்குப் போகிறேன். நடுவில் இரண்டு நாள் ஹாங்காங் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: உங்கள் விசாவில் எத்தனை நுழைவு என்று முதலில் பாருங்கள். ஒரே நுழைவு என்றால் ஹாங்காங்குக்குள் காலை வைத்ததும் சீன விசா முடிந்தது, திரும்ப நுழைய முடியாது. ஹாங்காங்கைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். இந்தியர்கள் அதற்கு இணையத்தில் முன்பதிவு செய்தால் 14 நாள்வரை தங்கலாம். அந்த முன்பதிவுக்குக் கட்டணம் கிடையாது, எவராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஷென்சென் ஹுவாசியாங்பெய் சந்தையில் போன் மலிவாமே? வரியும் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், சென்னை)

பதில்: கேபிள், உறை, சார்ஜர் வாங்குங்கள். போன் வேண்டாம் என்பது என் கருத்து. சீனச் சந்தைக்கென்று செய்த ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் சேவைகள் பெரும்பாலும் இருக்காது. ஊருக்கு வந்து பழுதானால் உத்தரவாதமும் செல்லாமல் போகலாம்.

வரி கிடைக்கும். வரி திருப்பித் தரும் பலகை வைத்திருக்கும் கடையில் ஒரே நாளில் குறைந்தது 200 யுவானுக்கு வாங்கியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல்வரை இது 500 ஆக இருந்தது. பெரும்பாலான பொருளுக்கு 11 சதவீதம், அதில் கொஞ்சம் கையாளும் கட்டணம் போகும். பொருளைப் பிரிக்காமல் வைத்திருங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும்.

கேள்வி: என் பவர் பேங்க்கை எடுத்துப் போகலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சீனாவுக்குள் விமானத்தில் பறப்பீர்களா? 2025 ஜூன் 28 முதல், சீனத் தரச்சான்றான 3சி முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை, சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. அங்கே போய் முத்திரையைப் பார்த்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.