உறுத்தவில்லை என்றால் நற்கருணை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு மூன்றும் சிசேரியன். இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று டாக்டர் சொன்னதால் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். மனசாட்சி உறுத்தவில்லை. ஆனால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்காதே என்கிறார் மாமியார். நான் எதைக் கேட்பது? (வாசகி, பட்டர்வொர்த்)

முதலில் மாமியார் விஷயம். இதில் தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, அன்பியம் என்ற பங்கின் சிறு குழுத் தலைவருக்கும் இல்லை. கனமான பாவம் இருப்பதாக உணர்கிறவர் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 916. அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

ஆனால் 'உறுத்தவில்லை' என்பது மட்டும் மனசாட்சி ஆகிவிடாது. பழகிப்போனால் எதுவும் உறுத்தாது. இந்தச் செயல் சரியா தவறா என்று யோசித்து எடுக்கும் தீர்ப்பைத்தான் திருச்சபை மனசாட்சி என்கிறது. சாட்சியை விசாரிக்காமல் நீதிபதி தீர்ப்பு எழுதினால் எப்படி? திருச்சபையின் போதனையோ பத்தோடு பதினொன்றாக வரும் சாட்சியும் அல்ல. அதை மனதார ஏற்கும்படி கேட்கிறது உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதையெல்லாம் கேட்டபின் உறுதியாகத் தெரிவதை மீறக் கூடாது என்கிறது மறைக்கல்வி நூலின் 1790ஆம் பத்தி. அந்தத் தீர்ப்பு தவறாகவும் போகலாம் என்று அங்கேயே எச்சரிக்கிறது. உண்மையைத் தேட அக்கறை காட்டாமல் தவறினால் பொறுப்பு நம் தலையில்தான் என்கிறது அடுத்த பத்தி. 'முதலில் மனசாட்சி, அப்புறம்தான் போப்' என்று 1875இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் என, பின்னாளில் கர்தினாலான ஆங்கிலேய இறையியலாளர் நியூமனைப் பலரும் இழுப்பார்கள். தன்னிஷ்டத்துக்கு மனசாட்சி என்று பெயர் வைப்பதை அவர் அதே கடிதத்தில் சாடியிருப்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்!

உங்களுக்கு உறுதி இருக்கிறதா? இருந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? கருத்தடை பற்றி போப் ஆறாம் பவுல் 1968இல் எழுதிய 'ஹுமானே வித்தே' சுற்றுமடலை நீங்களே படியுங்கள், 31 பத்திகள்தான். நோயைக் குணமாக்கத் தேவையான மருந்து, கருத்தரிப்பைத் தடுக்கும் என்று தெரிந்தாலும், அந்த நோக்கத்தில் சாப்பிடாதவரை குற்றமில்லை என்கிறது 15ஆம் பத்தி. அதிக ரத்தப்போக்கு போன்ற கோளாறுக்காகவும் அந்த மாத்திரையைத் தந்தாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பம் வராமல் இருக்க மட்டும்தான் என்றால், ஆபத்து உண்மையானாலும் சுற்றுமடல் அனுமதிக்கவில்லை. கருத்தரிக்காத நாட்களைப் பார்த்து நடக்கும் வழியைத்தான் 16ஆம் பத்தி காட்டுகிறது. உங்கள் உடல்நிலைக்கு அது எவ்வளவு நம்பகம் என்பதையும் டாக்டரிடமே கேட்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். பங்குத்தந்தையிடம் கூச்சமென்றால் புக்கிட் மெர்த்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகலாம். சொன்னது வெளியே வராது. கணவரையும் ஃபாதரிடம் பேச அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிடுவது நீங்களானாலும் முடிவு இருவருடையது, உங்கள் கேள்வியிலோ அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.